அரித்து இணைக்கும் அமிலம்

அமிலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் அழிவையே எண்ணுகிறது. இரும்பை அரிப்பது, துணியைப் பொசுக்குவது, தோலைப் புண்ணாக்குவது என்ற அளவிலேயே பலரும் அதனை அறிந்திருக்கின்றனர். ஆயினும் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழும் நம் மக்கள் அதன் மறுமுகத்தையும் அறிவர். எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் தெஹியோவிட்டவிலும் விடியற்பொழுதில் வெட்டிச் சேர்த்த இறப்பர்ப் பால், நீர் கலந்து தொட்டியில் கிடக்கும்வரை வெறும் வெண்ணீரே. அதில் போமிக் அமிலத்தை அளவாக விட்டுக் கலக்கினால், தனித்தனியே மிதந்த நுண்துளிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பால் தயிர்போலத் திரண்டு, உருளைகளிற் கொடுத்துத் தகடாக்கத்தக்க கட்டியாகிவிடுகிறது. அளவு குறைந்தால் பால் திரளாது. மிகுந்தால் இறப்பரின் தரம் கெடும். பிரிந்து கிடந்ததை அமிலம் ஒன்றாக்கும் விந்தை இது.

இதற்கு ஒத்ததொரு விந்தை பல் வைத்தியத்திலும் உண்டு. சூத்தை விழுந்த பல்லைச் சுத்தஞ்செய்து, பல்லின் நிறத்திலேயே ஒரு பிசினை வைத்து அடைக்கும் முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அந்தப் பிசின் பல்லோடு ஒட்டி நிற்பது பிசினின் பெருமையால் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. ஒட்டுவதற்கு முன்னர் பல்லின் மேற்பரப்பை ஓர் அமிலத்தால் பக்குவப்படுத்தும் அந்தச் சில விநாடி வேலையிலேதான் முழுப் பலனும் அடங்கியிருக்கிறது. அந்தச் சில விநாடிகளைச் செவ்வனே அமைத்துக்கொள்ள முடியாத காரணத்தாற்கூட, காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் நம் தோட்டப்புறங்களிற் பிடுங்கப்படுகின்றன.

பல்லின் வெளிப்போர்வையை ஆங்கிலச் சொல்லாலேயே எனாமல் என்கிறோம். இலங்கையின் விஞ்ஞானப் பாடநூல்கள் அதனை மிளிரி என்று அழகுபெறப் பெயரிட்டன. நம் புலவர்கள் பல்லை முத்துக்கும் முல்லை அரும்புக்கும் ஒப்பிட்டுப் பாடினர். நிறத்திலும் ஒளியிலும் அவ்வுவமை பொருந்தும், பொருளிலே பொருந்தாது. முத்து, சுண்ணாம்புக் கல்லின் இனம், மிளிரியைவிட மென்மையானது. மிளிரியின் உண்மையான உறவினர்களைத் தேடினால் மன்னார்க் கடலை விட்டு இரத்தினபுரிக்கு வரவேண்டும். மிளிரி எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிப்பொருள். அக்கனிப்பொருள் அபற்றைற்று என்னும் கல்லின் குடும்பத்தைச் சேர்ந்தது. அபற்றைற்று இலங்கையின் மணிக்கற்களிடையேயும் அகப்படுவதுண்டு. 1786இல் வேர்னர் என்ற ஜெர்மானியக் கனிமவியலார் அதற்குப் பெயரிட்டபோது, வேறு மணிகளாகத் தோன்றி மக்களை ஏமாற்றுவதால், ஏமாற்றுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டார். கற்களின் வன்மையைக் கணிக்கும் மோஸ் அளவுகோலிலே வைரம் 10, நீலமும் மாணிக்கமும் 9, அபற்றைற்று 5. மிளிரியின் வன்மையும் ஏறத்தாழ 5 தான். இல்லம் என வழங்கும் மணிச்சரளையை அரித்துக் கல் தேடும் தொழிலாளியின் வாய்க்குள்ளேயே ஒரு வரிசைக் கற்கள் இருக்கின்றன என்றால் மிகையாகாது.

இக்கல்லுக்கு ஒரு குறை உண்டு. அதனை ஆக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மடிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் வளரும். மிளிரி போனால் போனதுதான். ஆகவே சூத்தையை அடைக்கப் புகுந்த வைத்தியர் நல்ல மிளிரியை எவ்வளவுக்கு விட்டுவைக்கிறாரோ அவ்வளவுக்கே அவர் தொழில் சிறந்தது.

பழைய முறையில் அது இயலாததாயிருந்தது. பாதரசத்தோடு வெள்ளி முதலிய உலோகத் தூளைக் குழைத்துச் செய்யும் கலவை பல்லோடு ஒட்டுவதில்லை. அது கழன்று விழாதிருக்க வேண்டுமானால் குழியின் அடி அகன்றும் வாய் குறுகியும் இருக்கும்படி குடைய வேண்டும். அமெரிக்கப் பல் வைத்திய ஆசான் ஜி. வி. பிளாக் 1908இல் வெளியிட்ட நூலில் இக்கலையை இலக்கணமாகவே வகுத்துத் தந்தார். சூத்தை படாத பள்ளங்களையும் முன்னெச்சரிக்கையாகச் சேர்த்துக் குடையும்படி அவர் முறை பணித்தது. மிளகளவு சூத்தைக்காக நல்ல பல்லின் பெரும்பகுதி தூளாகிப் போயிற்று. அக்காலத்துக்கு அது நேரிய முறையே. ஒட்டும் பொருள் இல்லாதபோது வேறு வழியும் இல்லை.

வழி 1955இல் திறந்தது. நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரில் ஈஸ்ற்மன் பல் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய மைக்கேல் புவோனகோர், உலோகத் தொழிற்சாலைகளில் வழங்கிய ஒரு வழக்கத்தைக் கவனித்தார். வர்ணம் நன்கு பற்றவேண்டுமானால் உலோகப் பரப்பை முதலிற் பொஸ்போரிக் அமிலத்தால் துடைப்பர். உலோகத்துக்கு ஆகுமானால் பல்லுக்கு ஆகாதா என்று அவர் எண்ணினார். உயிருள்ள மனிதரின் முன்பற்களில் 85 விழுக்காட்டுப் பொஸ்போரிக் அமிலத்தை 30 விநாடி தடவிக் கழுவி, அதன்மேல் அக்காலத்து அக்கிரிலிக் பிசினில் ஒரு துளியை வைத்துப் பார்த்தார். அமிலம் படாத பல்லில் வைத்த துளி ஏறத்தாழ அரை நாளில் உதிர்ந்தது. அமிலம் பட்ட பல்லில் வைத்த துளி சராசரியாக ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் நின்றது. இதனை விவரிக்கும் அவருடைய கட்டுரை சில பக்கங்களே கொண்டது. அது வெளிவந்து பல ஆண்டுகள் சென்றும் வைத்திய உலகம் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. சூத்தைக்கே காரணம் அமிலம் என்று மாணவர்களுக்குப் போதித்துக்கொண்டு, அதே வாயில் வைத்தியரே அமிலத்தைப் பூசுவதா என்ற தயக்கம் இயல்பானதே. 1962இல் அமெரிக்க அரசின் அளவைக் கழகத்தைச் சேர்ந்த ரபேல் போவன், சுருக்கம் குறைந்த புதிய பிசினொன்றில் நுண்கண்ணாடித் தூளைக் கலந்து உறுதியான நிரப்பியை ஆக்கியபின்னரே புவோனகோரின் முறைக்கு ஏற்ற துணை கிடைத்தது.

அமிலம் மிளிரியில் என்னதான் செய்கிறது? மிளிரி ஒரே கட்டியன்று. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவே பருமனுள்ள கோல்கள் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி நெருங்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. விறகுக் கட்டை நுனிப்பக்கமாகப் பார்ப்பதுபோல எண்ணிக்கொள்ளலாம். கோலின் நடுவிலும் ஓரத்திலும் பளிங்குகள் அமைந்த திசை வேறு. ஆகவே அமிலம் எங்கும் ஒரே சீராகக் கரைப்பதில்லை. சிலவிடத்தில் நடுப்பகுதி குழிகிறது, சிலவிடத்தில் ஓரம் குழிகிறது. மேலிருந்த வழவழப்பான மெல்லிய படலம் நீங்கித் தேன்கூடு போன்ற பரப்புத் தோன்றுகிறது. நீர்போன்ற பிசின் அந்நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகுகிறது. 1968இல் புவோனகோரும் அவருடன் உழைத்தோரும் பல்லைக் கரைத்தெடுத்துவிட்டு எஞ்சிய பிசினை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, அதன் அடியிலே எண்ணற்ற நுண்விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அரசமரத்து வேர் சுவர்ப் பிளவில் இறங்குவதுபோன்ற பிடிப்பு. நன்கு பக்குவப்படுத்திய மிளிரியில் ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்பு ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் எடையின் இழுப்பைத் தாங்கும். இப்பிடிப்பு இருப்பதால் அடி அகன்ற குழி வேண்டியதில்லை; சூத்தையை மட்டும் அகற்றினாற் போதும்.

அபற்றைற்றுப் பாறையைக் கந்தக அமிலத்தோடு சேர்த்தே தொழிற்சாலைகள் பொஸ்போரிக் அமிலத்தைப் பெறுகின்றன. எப்பாவலையில் 1971இல் கண்டறியப்பட்ட பெரும் படிவும் அபற்றைற்றுப் பாறையே. ஒரு கல்லிலிருந்து பிறந்த அமிலம், அதே குடும்பத்துக் கல்லால் ஆன பல்லை இணக்கப்படுத்துகிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி அளவு. புவோனகோர் 85 விழுக்காட்டு அமிலத்தைக் கையாண்டார். இன்று வழங்குவதோ 35 முதல் 37 விழுக்காடு வரையுள்ள களி. கடுமையான அமிலமே நன்றாக அரிக்கும் என்று எண்ணுவோர் வியப்படைவர். செறிவு 50 விழுக்காட்டைத் தாண்டினால், கரைந்த சுண்ணாம்புப் பொருள் அங்கேயே உப்பாகப் படிந்து மேற்கொண்டு அரிப்பதைத் தடுக்கிறது. மிகவும் நீர்த்துப்போனாலோ, எளிதிற் கழுவுண்ணாத வேறோர் உப்புப் படிகிறது. இடைப்பட்ட அளவே இனிது. நேரமும் அவ்வாறே, ஒரு காலத்தில் 60 விநாடி வைத்திருந்தனர், இன்று 15 முதல் 30 விநாடி போதுமெனக் கண்டிருக்கின்றனர். பாற்பல்லின் மேற்படலத்திற் கோல் அமைப்பு ஒழுங்காக இராமையாற் சற்றுக் கூடுதலான நேரம் வேண்டுமென்று கருதுவோர் உண்டு. அனுராதபுரம் போன்ற வறண்ட பிரதேசங்களில் கிணற்று நீரின் புளோரைட்டு மிகுதியாற் பல்லிற் கறையேறியவர்களின் மிளிரி அமிலத்துக்கு எளிதில் இளகாது. சப்ரகமுவ ஈரவலயம், அங்கே நீரில் புளோரைட்டுக் குறைவு. எனவே நம் தோட்டத்துப் பற்கள் அமிலத்துக்கு இணங்கும். சீனி போட்ட வெறுந்தேநீரால் வாயில் ஊறும் அமிலத்துக்கும் அவை அவ்வாறே இணங்கிவிடுகின்றன என்பதுதான் வருத்தம்.

அமிலத்தைத் தொடுமுன்னர்ச் செய்யவேண்டிய வேலையும் உண்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் தோட்டத்து வாழ்க்கையிற் பிரியாதவை. அவற்றின் செங்கறையும் சுண்ணாம்புக் காரையும் படிந்த பல்லில் அமிலம் மிளிரியைச் சென்றடையாது. எண்ணெயோ புளோரைட்டோ கலவாத நுரைக்கல் தூளை நீரிற் குழைத்து, சுழலும் தூரிகையாற் பல்லைத் தேய்த்துக் கழுவியபிறகே களியை வைக்கவேண்டும். பல்லாண்டுகள் பாக்கு மென்றவர்களிற் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் இரண்டு விரல் அகலந்தானும் திறவாது. அவர்களின் கடைவாய்ப் பல்லை அடைப்பது மிகக் கடினம். அந்நிலை புற்றுநோய்க்கு முன்னோடியாகவும் அமையக்கூடும். ஆதலால் அங்கே பல்லைவிடக் கன்னத்தையே முதலிற் காட்டவேண்டும்.

கராம்பைப் பற்றியும் ஒரு சொல். கேகாலை மாவட்டத்து மலைச்சரிவுகளில் அது விளைகிறது. பல்லுக்குத்து வந்தாற் கராம்பு எண்ணெய் தோய்ந்த பஞ்சைச் சூத்தைக்குள் வைப்பது நம் வீட்டு வைத்தியம். வைத்தியர்களும் அதன் சாரமான இயூஜெனோலைத் துத்தநாக ஒட்சைட்டோடு குழைத்துத் தற்காலிகமாக அடைப்பதுண்டு. வலிக்கு அது நல்லது, பிசினுக்குப் பகை. பிசின் இறுகுவதற்குரிய இரசாயனத் தொடரை இயூஜெனோல் இடையில் அறுத்துவிடுகிறது. முந்திய இரவு கராம்பு எண்ணெய் வைத்தவர் வைத்தியரிடம் அதனைச் சொல்லிவிடுவது நன்று.

இவ்வளவும் செய்து, களியை நீராற் பத்துப் பதினைந்து விநாடி கழுவிக் காற்றால் உலர்த்தியபின், மிளிரி தன் ஒளியை இழந்து சுண்ணாம்பு தீட்டிய சுவர்போல வெளிறித் தோன்றும். அந்த வெண்மையே வேலை முற்றியதற்கு அடையாளம். இனித்தான் ஆபத்து. திறந்து கிடக்கும் அந்நுண்துளைகளின்மேல் உமிழ்நீர் பட்டால் ஒரு நொடியிலேயே அதன் புரதங்கள் துளைகளை அடைத்துவிடும். வெறுமனே கழுவினாற் போகாது. மறுபடியும் அமிலம் வைத்தே தொடங்கவேண்டும். காற்றை அனுப்பும் இயந்திரத்திலிருந்து எண்ணெய்ப் புகை கலந்து வந்தாலும் இதே கேடு. வெளிக்குப் பிசின் ஒட்டியதுபோலவே இருக்கும். சில மாதங்களில் ஓரம் கறுக்கும், பின்னர் உள்ளே சூத்தை மறுபடி வளரும். மிளிரிக்குக் கீழேயுள்ள பன்முதல் என்னும் பகுதியோ நேர்மாறானது; அங்கே சிறிது ஈரம் எஞ்சவேண்டும், முற்றும் உலர்த்தினால் அதன் நார்கள் படிந்து பிசினுக்கு இடங்கொடா. ஒரே குழியில் ஓரம் உலர்ந்தும் நடு நனைந்தும் இருக்கவேண்டுமென்பது வைத்தியரின் கைக்கு வைக்கப்பட்ட சோதனை.

உமிழ்நீரைத் தடுக்க 1864இல் நியூயோர்க் பல் வைத்தியர் சன்போர்ட் பார்ணம் ஒரு வழி கண்டார். மெல்லிய இறப்பர்த் தாளொன்றில் துளையிட்டு, அத்துளைவழியே பல்லை மட்டும் வெளியே எடுத்து, வாயின் ஏனைய பகுதி முழுவதையும் தாளால் மறைத்தார். அப்போது இலங்கையில் இறப்பர் மரமே இல்லை. 1876இலேதான் கன்றுகள் ஹெனரத்கொடைக்கு வந்தன. இன்றும் அத்தகைய தாள்கள் பலவும் மரத்துப் பாலிலிருந்தே ஆக்கப்படுகின்றன. ஈரத்தின் கேட்டை இறப்பர் வெட்டும் தொழிலாளிக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. பட்டை நனைந்திருந்தாற் பால் வெட்டுவாயில் நில்லாமல் மரமெங்கும் வழிந்தோடும். அதனாலேயே மழை நாளில் வெட்டு இல்லை. அவர் தம் பல்லுக்கு வேண்டியதும் அத்தகைய உலர்ந்த ஒரு காலைப் பொழுதே. அதனைத் தரக்கூடிய தாள் அவர் வெட்டிய பாலின் இனத்தது. அது அவர் வாய்வரை வந்து சேர்வதுதான் அரிதாயிருக்கிறது.

ஏன் அரிது என்பதை விரிக்கப் புகுந்தால் பல் வைத்தியத்தை விட்டுப் பாதை, பேருந்து, சம்பளம் ஆகியவற்றுக்குச் செல்லவேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியிற் பல் நாற்காலி இல்லை. கறவனெல்லை, கேகாலை, இரத்தினபுரி, பலாங்கொடை என அரசாங்க வைத்தியசாலைக்கே போகவேண்டும். போகிற நாளில் ஒரு பேர் போய்விடும். நேரத்தோடு திரும்பினாலும் அரைப்பேருக்கு மேல் விழாது. அடைப்பதற்கு ஒரு முறைக்கு மேலும் வரவேண்டியிருக்கலாம். பிடுங்குவதற்கு ஒரு முறை போதும். "பிடுங்கிவிடுங்க ஐயா, தொல்லை தீரட்டும்" என்று நோயாளியே கேட்பது அறியாமையால் மட்டுமன்று; கணக்குப் பார்த்தே கேட்கிறார். நெடுவரிசை காத்திருக்கும் அறையில், உமிழ்நீரை உறிஞ்சும் குழாயும் உதவியாளரும் இல்லாமல், ஒரு பல்லை இருபது நிமிடம் உலர்த்திவைத்திருக்க வைத்தியருக்கும் இயல்வதில்லை.

பழைய உலோகக் கலவைக்கு இவ்விடத்தில் ஒரு நியாயம் சொல்லவேண்டும். சிறிது ஈரத்தை அது பொறுத்துக்கொண்டது. அவசரக் கையையும் மன்னித்தது. ஏழைகளின் வாயில் அது பல்லாண்டுகள் உழைத்தது. 2013இல் உருவான மினமாற்றா உடன்படிக்கை பாதரசத்தின் உபயோகத்தைப் படிப்படியாகக் குறைக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பல் கலவையும் அதனுள் அடங்கும். சுற்றாடலுக்கு அது நல்ல முடிவே. ஆனால் மன்னிக்கும் பொருள் அகன்று மன்னியாத பொருள் அவ்விடத்துக்கு வரும்போது, வசதி குறைந்த அறைகள் நிரப்புவதை விட்டுப் பிடுங்குவதையே நாடும். இதனை முன்கூட்டியே எண்ணவேண்டியவர்கள் எண்ணவேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. இலண்டனில் அலன் வில்சனும் பிறயன் கென்றும் 1972இல் வெளிப்படுத்திய கண்ணாடிச் சீமெந்து, பல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு நேரே இரசாயன முறையில் இணைகிறது. அதற்குப் பொஸ்போரிக் அமிலம் வேண்டியதில்லை; மென்மையான பொலி அக்கிரிலிக் அமிலத்தைப் பத்து முதல் இருபது விநாடி தடவித் துடைத்தாற் போதும். இறுகுவதற்கு விளக்கொளியும் தேவையில்லை. 1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவில், மின்சாரமில்லாத ஊர்களில், கைக்கருவியாற் சூத்தையைச் சுரண்டி இத்தகைய சீமெந்தை விரலால் அழுத்தி அடைக்கும் முறை உருவாயிற்று. 1994இல் உலக சுகாதார தாபனமும் அதனை எடுத்துரைத்தது. பிசினைப்போல அது தேய்மானத்தைத் தாங்காது. இரண்டு பக்கம் உடைந்த பல்லுக்கு உகந்ததன்று. ஆயினும் ஒரு பக்கச் சிறு குழிக்கு, தோட்டப் பாடசாலையின் மேசையொன்றிற் பிள்ளையைப் படுக்கவைத்துச் செய்துவிடக்கூடிய வேலை அது. மகரகமவிற் பயின்று வரும் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களின் கைக்கு எட்டாததுமன்று.

புவோனகோரின் அமிலம் குழியே இல்லாத பல்லுக்கும் உதவும் என்பதை 1967இல் அவரும் கியூற்றோவும் காட்டினர். கடைவாய்ப் பல்லின் மேற்புறத்துப் பள்ளங்கள் தூரிகையின் ஒரு மயிரும் நுழையாத அளவு குறுகியவை. அவற்றை அமிலத்தாற் பக்குவப்படுத்தி நீர்ப்பிசினால் மூடிவிட்டாற் சூத்தை தொடங்குமிடமே அடைபட்டுப்போகும். துளைக்கும் கருவியே வேண்டியதில்லை. இதற்கு மிகவும் உரியது ஆறு வயதளவில் முளைக்கும் முதற் கடைவாய்ப் பல். எந்தப் பாற்பல்லும் விழாமல், அவற்றுக்குப் பின்னே ஓசையின்றி எழுவதால், பெற்றோர் பலர் அதனையும் பாற்பல்லென்றே நினைத்து, சூத்தை விழுந்தாலும் விழுந்து முளைக்குமென விட்டுவிடுகின்றனர். அது ஒருமுறையே முளைப்பது. அதன் பின்பாதியை முரசு மூடியிருக்கும் மாதங்களில் உலர்த்துவது கடினம்; அப்போதைக்குக் கண்ணாடிச் சீமெந்து காவலிருக்கும். முழுதும் எழுந்தபின் அமிலமும் பிசினும் வரலாம். ஆறு வயதுப் பிள்ளையின் வாயில், கடைசிப் பாற்பல்லுக்கும் அப்பால் சுத்தமான விரலை விட்டுத் தடவினால், அது முளைத்துவிட்டதா என்பதை எந்தத் தாயும் ஆசிரியரும் அறிந்துகொள்ளலாம்.